உள்ளங்கைச் சீனி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு வயது 36. பிறந்தது டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இப்போது பண்டாரவளையில் ஒரு வங்கியில் வேலை, அம்மா என்னோடு இருக்கிறார். போன மாதம் இரத்தம் சோதித்ததில் வெறும் வயிற்றில் சீனி 112 என்று வந்தது. வியாதி இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னார். அன்றிரவே ஒரு பட்டியல் போட்டேன். காலை ஐந்துக்கு எழும்புவது, வெந்நீரில் தேசிக்காயும் தேனும், பத்தாயிரம் அடி நடை, பத்து நிமிடம் தியானம், இரவில் சோறு இல்லை, ஒன்பது மணிக்குப் போனை அணைப்பது, தேத்தண்ணியை அடியோடு விடுவது (நாளுக்கு ஐந்து கோப்பை, மூன்று கரண்டி சீனியோடு குடித்துக்கொண்டிருந்தேன்). பன்னிரண்டு நாள்தான் தாக்குப்பிடித்தது. தேத்தண்ணியை விட்டது மட்டும் இன்னும் நிற்கிறது. அதனால் அம்மாவோடு மனஸ்தாபம். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு நல்ல பழக்கம் என்றால் என்னவென்றே தெரியாது, அந்த இரத்தம்தானே எனக்கும் என்று சில நேரம் தோன்றுகிறது. இந்த ஏழில் எதை முதலில் தொடங்கினால் விடாமல் பிடிக்கலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அட்டன் பஸ் நிலையத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா, பிளாஸ்டிக் பையில் கிளினிக் கொப்பியைச் சுருட்டி வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பாதி பணிஸைத் தின்றார். பையிலிருந்து சின்னக் கடதாசி உறையை எடுத்து, செங்கல் நிறத்தில் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, வாயில் போட்டு, பால் ஊற்றாத பிளேன்டீயை ஒரு மடக்கு குடித்து விழுங்கினார். அது இரும்புச்சத்து மாத்திரை. எழுந்து போய்ச் சொல்லலாமா, சொன்னால் கோபிப்பாரா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பொகவந்தலாவை பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிப்போய்விட்டார். நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கு இந்தக் காட்சி தெரியும். அப்படியிருந்தும் வாய் வரவில்லை. அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைத் திறந்தால், “தோட்டத்து ஆட்களுக்கு நல்ல பழக்கம் தெரியாது, அந்த இரத்தம்தானே” என்று இருக்கிறது.

அந்த இரத்தத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன் உங்கள் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு எழும்புவதை ஒரு சாதனையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் எத்தனை மணிக்கு எழும்பினார் என்று கேட்டுப் பாருங்கள். நாலு மணிக்கு எழும்பி, ஈர விறகை ஊதி, மா பிசைந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, விடிகிற நேரத்தில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நின்றிருப்பார். அதை அவர் பழக்கம் என்று சொல்லமாட்டார், வேலை என்பார். தியானம் செய்தால் செய்யுங்கள். போனை அணைப்பது நல்லதுதான், எனக்கே முடிவதில்லை. இரவுச் சோற்றை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், அது என் பாடமில்லை.

பத்தாயிரம் அடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில், 1965இல் ஒரு ஜப்பானியக் கம்பனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மானி. டொக்டர்மார் அளந்து சொன்ன கணக்கல்ல அது, ஒரு சாமானுக்கு வைத்த பெயர். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் வேகமான நடை. நாளுக்கு இருபது நிமிடச் சொச்சம். பண்டாரவளையில் எந்தத் தெருவும் ஏற்றம் இல்லாமல் போகாது, சாப்பிட்ட பிறகு ஒரு சுற்றுப் போய் வந்தாலே உங்கள் சீனிக்கு நல்லது. என் அம்மா எத்தனை அடி நடந்தார் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியது கிலோவை மட்டும்தான், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், அதுவும் கழிவு போக. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எண்ணெய் தேய்க்கும்போது உச்சிக்கு முன்னால் என் விரல் வழுக்கும். கூடைக் கயிறு இழுத்து இழுத்து அந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை.

சரி, இரத்தத்துக்கு வருகிறேன்.

1978. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா வயிற்றில் கடைசித் தம்பி, ஆறு மாதம். ஒருநாள் பகல் மலையில் நிரைக்கு நடுவே விழுந்துவிட்டார். சாக்கில் கம்பு கோர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படங்குச் சாக்கு இடுப்பில் கட்டியபடியே இருந்தது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு “இரத்தம் காணாது” என்றார்கள். பத்திரிகைக் கடதாசியில் பொட்டலம் கட்டி மாத்திரை தந்தார்கள், சாப்பிட்டதும் ஒன்று என்று. திரிபோஷா என்ற சத்துமாவும் தந்தார்கள். அதை அம்மாவுக்கு மிச்சம் வைக்காமல் நாங்கள் பிள்ளைகள் மாவாகவே அள்ளித் தின்றோம். அந்தப் பாவம் எங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையை யாரும் தொடவில்லை. ஒருநாள்கூடத் தவறாமல் அம்மா போட்டார். அடுப்புக்கு மேலே இருந்த பால்மா டின்னில் பொட்டலம், அதன் பக்கத்தில் தீக்குச்சிகள், போட்ட நாளுக்கு ஒன்று எடுத்து வைப்பார், எழுத்துத் தெரியாததால்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். இரத்தம் ஏறவில்லை. மருந்து கொடுப்பவர் சனங்களுக்கு முன்னால் சத்தம் போட்டார்: “மாத்திரையை வீசுறது, கேட்டா போட்டேன்னு பொய் சொல்றது. உங்களுக்கெல்லாம் ஒழுங்குன்னு ஒண்ணு தெரியுமா?” அம்மா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் பீலிக்கரையில் முகம் கழுவினார். வீட்டுக்கு வந்ததும் தீக்குச்சிகளை எண்ணச் சொன்னார், நான் எண்ணினேன். அறுபத்தொன்று.

உங்கள் வரியையும் அந்த மனிதர் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. அவர் எங்கிருந்தோ வந்தவர். நீங்கள் அந்த லயத்து இஸ்தோப்பில், தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், தவழ்ந்தவர்.

என் தம்பி பிறந்தான், நிறை குறைவாக. எப்படியோ பிழைத்துக்கொண்டான். விஷயம் எனக்கு விளங்கியது பல வருடம் கழித்து. நான் பாடசாலையில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இரும்பு மாத்திரை கொடுக்க வந்த மிட்வைஃப் அம்மா சொன்னார்: “பிள்ளைகளே, இதைத் தேத்தண்ணியோடு போடாதீங்க.” நான் சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன், அந்த நாளில் மாத்திரையை எதோடு போட்டீங்க என்று. அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். “வெறுந்தண்ணியிலயா போடுவாங்க? தொண்டையில ஒட்டிக்கும். ரொட்டி தின்னுட்டு சாயத்தோடதான்.”

சாயம் என்றால் பிளேன்டீதான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தேயிலையில் துவர்ப்பைத் தருவது பொலிபினோல் என்ற கூட்டம், நம் ஆட்கள் தனின் என்று சொல்வது. அது வயிற்றில் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும், கட்டிய இரும்பு குடலில் ஏறாது. கீரை, பருப்பு, கோதுமை மா போன்றவற்றில் இருக்கும் இரும்புக்கு இந்தக் கதி அதிகம். சாப்பாட்டோடு ஒரு கோப்பை கடுஞ்சாயம் குடித்தால் உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் போய்விடும். இறைச்சி, மீன் இரும்பு அவ்வளவு பாதிக்காது, ஆனால் அந்த நாளில் எங்களுக்கு இறைச்சி தீபாவளிக்கு. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மாத்திரையோ சாப்பாடோ, அதற்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் போதும், இரண்டு என்றால் இன்னும் நல்லது. ஒரு செலவும் இல்லாத காரியம்.

சாயத்தைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த லயங்களில் வயிற்றுப்போக்கு எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது. கொதிக்க வைத்த தண்ணீர் என்று எங்கள் வீட்டில் இருந்தது சாயம் மட்டும்தான். அது எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. குற்றம் சாயத்தில் இல்லை, குடித்த நேரத்தில். அந்த நேரம் அம்மாவின் கையிலும் இல்லை. பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்கும்போது கிடைக்கும் கால் மணியில்தான் ரொட்டியும் சாயமும். பழைய சாராயப் போத்தலில் கடதாசியைச் சுருட்டி அடைத்து வைத்த சாயம், அதற்குள் ஆறிப்போயிருக்கும். ரொட்டியைத் தின்றுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாயம் குடிக்கிறேன் என்று கங்காணியிடம் சொல்ல முடியுமா? அரைப்பேர் போட்டுவிடுவார், அரை நாள் சம்பளம்தான்.

தேயிலைச் செடியைப் பார்க்க 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இன்றைக்கும் தலவாக்கலையில் இருக்கிறது, அங்கே நல்ல வேலை நடக்கிறது, நான் குறை சொல்லவில்லை. செடிக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை கிளை வெட்டும் கவ்வாத்து, அதற்கு முன் ஓய்வு, அப்புறம் உரம். எந்தச் செடிக்கு எப்போது என்று கணக்கப்பிள்ளைக்கு மனப்பாடம். கொழுந்து எடுக்கும் கைக்கு எந்த நேரத்தில் எதைக் குடிக்கக் கூடாது என்ற ஒரு வரியை மட்டும் 1978இல் எங்கள் அம்மாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததோடு, ஒழுங்கு தெரியாதவள் என்றும் பேர் வைத்தார்கள். அதனால்தான் பழக்கம், ஒழுக்கம், மனவுறுதி என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. உங்கள் மேல் விழுந்ததில் பாதிக் கோபம் உங்களுக்குரியது இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதி உங்களுக்குத்தான்.

உங்களுக்கு நேரம் கையில் இருக்கிறது. அதனால் தேத்தண்ணியை அடியோடு விட வேண்டாம். உங்கள் பிரச்சினை சீனி. ஐந்து கோப்பை, மூன்று கரண்டி, ஆகப் பதினைந்து கரண்டி. கரண்டிக்கு நாலு கிராம் என்றால் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள் நிறுத்தினால் நல்லது. நீங்கள் தேத்தண்ணியில் மட்டுமே அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு குடித்திருக்கிறீர்கள். பணிஸையும் பிஸ்கட்டையும் நான் எண்ணவில்லை.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, சீனியைக் கோப்பையில் போட்டதே இல்லை. எழுபதுகளில் சீனி கூப்பனுக்குத்தான் கிடைத்தது, அதுவும் கண்ணில் காட்டுகிற அளவு. இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்வார். வெறும் சாயத்தை ஒரு மடக்கு, நாக்கு நுனியால் உள்ளங்கையில் ஒரு தொடல். கோப்பை முடியும்போது உள்ளங்கையில் இன்னும் நாலு மணி மினுங்கும், அது எனக்கு. மொத்தம் அரைக் கரண்டி வராது. நாக்குக்கு நேராக இனிப்புப் படுவதால் கோப்பை முழுவதும் இனித்த மாதிரி இருக்கும். நான் இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கிறேன். கூட்டங்களில் சில பேர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வங்கியில் உள்ளங்கையை நக்க வெட்கமாக இருந்தால் வீட்டில் செய்யுங்கள்.

அந்தத் தேசிக்காயையும் வெந்நீரில் வீணாக்காமல் சம்பலில் பிழியுங்கள், கீரைச் சுண்டலில் பிழியுங்கள். புளிப்பில் இருக்கும் விட்டமின் சி அந்த இரும்பை உள்ளே ஏற்றிவிடும். தேனை விட்டுவிடுங்கள், அதுவும் சீனிதான்.

கடிதத்தை மறுபடி பார்க்கிறேன். ஏழில் எதை முதலில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள், நான் என்னவெல்லாமோ எழுதிவிட்டேன். முதலில் இன்றிரவு சாப்பிட்டு, ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, ஒரு மணி நேரம் கழித்து அம்மாவிடம் ஒரு பிளேன்டீ கேளுங்கள். சீனியைத் தனியாக. மனஸ்தாபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊற்றித் தருவார். அவருக்கும் ஒன்றை ஊற்றச் சொல்லுங்கள், அவர் அதைச் சாப்பாட்டோடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருநாள் லீவு போட்டு அவரைக் கூட்டிப்போய் இரத்தம் சோதியுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போகக் கூடாது. அடுத்த கடிதத்தில் உங்கள் 112 என்ன ஆனது என்று எழுதுங்கள், அதற்கு முன்னால், முதல் வரியில், அம்மாவின் ஹீமோகுளோபின் எண்ணை எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்