மொட்டையடித்த வேம்பு புயலைத் தாங்குமா?

கேள்வி: விளாங்குடியில் நாலு சென்டில் கிழக்குப் பார்த்த வீடு. முன்பக்கம் இருபது வயது வேம்பு ஒன்று. கேட்டை ஒட்டி மஞ்சள் பூ பூக்கும் நிழல்மரம் ஒன்று. அடியிலிருந்து ஆறடி உயரத்தில் இரண்டாகப் பிரிந்து வளர்ந்திருக்கிறது. கொல்லையில் ஒரு தென்னை, ஒரு முருங்கை. போன வருடம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பாதாள சாக்கடைக்குக் குழி தோண்டினார்கள். “ஐப்பசிக்குள் வேம்பை மொட்டையடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புயலில் வீட்டு மேலேயே விழும்” என்கிறார் எதிர்வீட்டு அண்ணன். ஆளையும் அவரே அனுப்புகிறாராம். செய்யலாமா? வேறு என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, விளாங்குடி, மதுரை

ஆளை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது அந்தக் குழி பற்றிய வரிதான். எதிர்வீட்டு அண்ணன் மரத்தின் தலையைப் பார்க்கிறார். நாம் முதலில் காலைப் பார்ப்போம்.

புயல் என்றால் அது கடலூர், நாகப்பட்டினம் சமாச்சாரம் என்று மதுரைக்காரர்கள் நாம் இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் சரிதான், கரையேறிய புயல் நம் பக்கம் வருவதற்குள் இளைத்துவிடும். ஆனால் 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜா, தஞ்சாவூர், புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு நிற்காமல் திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களை முறித்துக்கொண்டு போனது. அதைவிட நமக்குப் பழக்கமான ஆபத்து சித்திரையில் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களை ஒட்டி, வெயில் கொளுத்தி முடித்த சாயங்காலத்தில் புழுதியோடு கிளம்பும் சூறைக்காற்று. பத்து நிமிடம்தான் அடிக்கும், ஆனால் எந்தத் திசையிலிருந்து என்று சொல்லமுடியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நாலு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் அனுபவத்தில் சித்திரைக் காற்றில் கொப்புதான் முறியும். ஐப்பசி, கார்த்திகையில் மரமே சாயும். நாலு நாள் மழையில் ஊறிய மண் கூழாகிக் கிடக்கும்போது வேருக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அப்போது நடுத்தரமான காற்றே போதும்.

வேம்புக்கு ஆணிவேர் பாதாளம் வரை போகும், அதனால் சாயாது என்று பலர் நம்புகிறார்கள். விதை விழுந்து அதே இடத்தில் முளைத்த மரமென்றால் ஓரளவு உண்மை. நர்சரியில் பிளாஸ்டிக் பையில் வளர்த்து நட்ட கன்றுக்கு ஆணிவேர் பையின் அடியிலேயே வளைந்தோ அறுந்தோ போயிருக்கும். எப்படியானாலும் வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடி மண்ணிலேயே, கிளை விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. திருவிழாப் பந்தல் போடுகிறவர்கள் கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி முளையடித்து நிறுத்துவார்களே, அந்தக் கயிறுகளின் வேலையைப் பக்கவேர்கள் செய்கின்றன. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் இழுத்துப் பிடிப்பது கிழக்குப் பக்கத்து வேர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். வீடு கிழக்குப் பார்த்தது. தெருவும் குழியும் மரத்துக்குக் கிழக்கே. ஐப்பசிக் காற்று நமக்குப் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஆக, மழைக்காலத்தில் மரத்தை இழுத்துப் பிடிக்கவேண்டிய கயிறுகளைத்தான் போன வருடம் அறுத்திருக்கிறார்கள். மரம் சாய்ந்தால் மேற்கே, வீட்டின் மேல் சாயும். அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வைத்தியம்தான் தப்பு.

எவ்வளவு வேர் போயிருக்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. நெஞ்சு உயரத்தில், அதாவது நாலரை அடியில், தண்டைச் சுற்றி நூல் பிடித்து அளந்து மூன்றால் வகுத்தால் விட்டம் கிடைக்கும். அந்த விட்டத்தின் மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கம் முழுக்க வேரை வெட்டியிருந்தால் மரத்தின் நிலைப்பே சந்தேகம். விட்டம் ஒன்றேகால் அடி என்று வையுங்கள்: தண்டிலிருந்து மூன்றே முக்கால் அடிக்குள் குழி வந்திருந்தால் ஆபத்து. ஆறேழு அடி தள்ளி என்றால் காயம்தான், தேறிவிடும். (ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு அடி வீதம் சுற்றிலும் மண்ணைத் தொடக்கூடாது என்பதுதான் உண்மையான விதி. நாலு சென்ட் மனையில் அதைக் கடைப்பிடித்தால் வீடே கட்டமுடியாது.)

அளந்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். கிழக்குப் பக்கத்து மண்ணில் அரைவட்டமாக வெடிப்பு ஓடுகிறதா? காற்றடிக்கும்போது அடிமண் மூச்சுவிடுவது போல ஏறி இறங்குகிறதா? தண்டின் அடியில் காளான், அல்லது தட்டுத் தட்டாகக் கெட்டியான பூஞ்சை முளைத்திருக்கிறதா? மரச்சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று பொந்துச் சத்தம் கேட்கிறதா? சிறுவயதிலிருந்தே சாய்ந்து, பிறகு நுனி வளைந்து நிமிர்ந்த மரத்துக்குப் பயப்படவேண்டாம். நேராக நின்ற மரம் போன வருடத்திலிருந்து மொத்தமாகச் சாய ஆரம்பித்திருந்தால்தான் பயப்படவேண்டும். பழைய விசேஷ போட்டோ ஏதாவது இருந்தால் பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மண் வெடிப்போ புதுச் சாய்வோ இருந்தால் கவாத்து, அதாவது கொப்புகளை அளவாக வெட்டிவிடுவது, எதுவும் காப்பாற்றாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மழைக்கு முன்பே மரத்தை எடுத்துவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் வேம்பைக் காப்பாற்றலாம். மொட்டையடிக்காமல்.

மொட்டையடித்த வேம்பு முதல் மழைக்கே தளதளவென்று துளிர்ப்பதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் பட்டேன். திருநகர் வீட்டு வேம்பை என் கையாலேயே கழுத்தளவில் வெட்டினேன். வெட்டிய இடத்தைச் சுற்றிக் கத்தையாக முளைத்தவை எல்லாம் பட்டைக்கு அடியிலிருந்து கிளம்பியவை; பழைய கொப்பு மாதிரி மரத்தின் உள்ளே வேர்விட்டு வந்தவை அல்ல. மூன்று வருடத்தில் அவை கை மொத்தம் ஆகின, அவற்றுக்கு நடுவே வெட்டுவாய் அழுகியது, ஒரு சித்திரைச் சாயங்காலம் மூன்று கொப்புகள் சேர்ந்து ஸ்கூட்டர் ஷெட்டின் மேல் இறங்கின. இன்னொன்றும் இருக்கிறது. இலைதான் மரத்துக்கு அடுப்படி. வேர் அறுந்த மரம் புது வேர் விடவேண்டிய நேரத்தில் அடுப்படியை இடித்துவிட்டால் அது எதைத் தின்று வேர் விடும்?

செய்யவேண்டியது கவாத்து. ஆவணியில், மழை விட்டிருக்கும் நாட்களில் முடித்துவிட்டால் ஐப்பசிக்குள் காயம் ஆறத் தொடங்கிவிடும். பட்ட கொப்புகள், ஒன்றோடொன்று உரசுபவை, மொட்டைமாடிப் பக்கம் நீண்டவை முதலில் போகட்டும். பிறகு உச்சியை நாலைந்து அடி குறைக்கலாம். அதை நட்டநடுவில் வெட்டாமல், வெட்டும் தண்டில் மூன்றில் ஒரு பங்காவது கனமுள்ள பக்கக்கிளை பிரியும் இடத்தில் வெட்டவேண்டும். இனி அந்தக் கிளை தலைமை ஏற்கும். எல்லாம் சேர்த்து பசுமையில் கால்வாசிக்கு மேல் ஒரே வருடத்தில் போகக்கூடாது. உங்கள் மரத்துக்கு வேரும் போயிருப்பதால் இந்த வருடம் அதிலும் பாதி போதும், மீதியை அடுத்த ஆவணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில ஆட்கள் உள்கிளைகளை எல்லாம் சுத்தமாக வழித்துவிட்டு நுனியில் மட்டும் மாட்டு வால் மாதிரி குஞ்சம் விடுவார்கள். பார்க்க நறுவிசாக இருக்கும். காற்றில் அந்தக் குஞ்சத்தின் ஆட்டமே கொப்பை முறித்துவிடும்.

வெட்டும் விதத்தைப் பக்கத்தில் நின்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடும் சக்தி அதில்தான் இருக்கிறது. அதை விட்டு, அதற்கு வெளியே அறுக்கவேண்டும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுப்பு, பிறகு இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து முழு அறுப்பு. கனம் போனபின் மிச்ச முண்டைப் புடைப்பை ஒட்டி எடுக்கலாம். ஒரே வெட்டாகப் போட்டால் விழும் கொப்பு தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அரிவாள் வேண்டாம், ரம்பம்தான். வெட்டுவாயில் தாரோ சிமெண்டோ பூசவேண்டாம். மழைக்குப் பிறகு வேம்பின் நுனிகள் பழுப்பாகக் கருகினாலும் பதறாதீர்கள். கவாத்தால் வந்ததல்ல அது, பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை. அநேகமாகப் பங்குனிக்குள் தளிர்த்துவிடும்.

தரையிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மரத்தடிவரை பேவர் பிளாக் பதித்திருந்தால் சுற்றிலும் மூன்றடியாவது பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். காய்ந்த சருகை மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள், தண்டில் ஒட்டாமல். மண்ணை அடித்தண்டில் கூட்டி மேடு போடாதீர்கள், பட்டை அழுகும். மழையில்லாத நாட்களில் தினமும் ஒரு குடம் ஊற்றுவதைவிடப் பத்து நாளுக்கு ஒருமுறை, குறிப்பாகக் குழிப் பக்கம், மண் ஆழமாக நனைய விடுங்கள். புது வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக, அங்கே தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுத்துவிடவேண்டும்.

கேட்டோரத்து மஞ்சள் பூ மரம் இயல்வாகையாகத்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால் வேம்பைவிட எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். சீக்கிரம் வளரும், மரம் உறுதி குறைவு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது தெருவை அடைத்துக் கிடந்தவற்றில் இதுவும், செம்மயிற்கொன்றையும், தூங்குமூஞ்சியும் நிறைய. உங்கள் மரத்தில் இரண்டு தண்டும் பிரியும் கவட்டையைப் பாருங்கள். ஆங்கில U வடிவில் அகலமாக விரிந்து, நடுவில் பட்டை மேடாகத் தெரிந்தால் நல்லது. கைவிரல் இடுக்கு மாதிரி நெருங்கி, பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் இரண்டும் ஒட்டவே இல்லை, நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். ஒருநாள் காற்றில் பிளக்கும். இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டுகிறவர்கள் உண்டு, கம்பி பட்டைக்குள் இறங்கிக் கழுத்தை நெரித்துவிடும். இரண்டில் மெலிந்த தண்டை இரண்டு வருடத்தில் படிப்படியாகக் குட்டையாக்கி, மற்றதைத் தலைவனாக விடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மட்டும் நீங்களோ கூலி ஆளோ கைவைக்கக்கூடாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. சொன்னால் மின்சாரத்தை நிறுத்திக் கிளையை எடுக்க ஏற்பாடு செய்வார்கள்.

தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காய் மூன்றையும் இறக்கிவிடுங்கள். பச்சை மட்டையைத் தொடவேண்டாம். தண்டில் ஓட்டை விழுந்து பழுப்பு நீர் வடிந்தால் உள்ளே சிவப்புக் கூன்வண்டு குடியிருக்கிறது. அந்த மரம் புயலுக்குக் காத்திருக்காமலே ஒருநாள் முறியும், வேளாண்மை அலுவலகத்தில் உடனே காட்டுங்கள்.

எல்லாம் செய்தாலும் பலத்த காற்று எச்சரிக்கை உள்ள இரவில் வேம்புக்கு நேர் மேற்கே இருக்கும் முன்னறையில் படுக்காதீர்கள், கேட்டடியில் வண்டியையும் விடாதீர்கள். இந்த ஒரு வருடத்துக்காவது.

மொட்டை போட்டே தீருவேன் என்று அண்ணன் அனுப்பும் ஆள் வந்து நின்றால் திருப்பி அனுப்பவும் வேண்டாம். கொல்லைக்குக் கூட்டிப்போய் முருங்கையைக் காட்டுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடிக்கு வெட்டிவிட்டால் நன்றாகத் தழைக்கிற மரம் அது ஒன்றுதான் உங்கள் வீட்டில்.