அனாட்டமி மறந்து போகிறதா? புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தர்மபுரியில் பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. அனாட்டமியும் (உடற்கூறியல்) பிசியாலஜியும் (உடலியங்கியல்) தினமும் மூன்று மணி நேரம் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை. கல்லூரியிலேயே வைக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் ஃபெயில். ஜெராக்ஸ் கடையில் ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ நோட்ஸ் 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. படம் வரைந்து கல்லூரியில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டிய ரெக்கார்டு நோட்டை எழுதித் தரவும் ஆள் இருக்கிறார். வாங்கலாமா? இரவில் படிப்பது நல்லதா, அதிகாலையிலா?

பதில்: நோட்ஸ் வேண்டாம். ரெக்கார்டு எழுதித் தருபவர் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மறதிக்கு வருவோம். உங்களுக்கு ஞாபகசக்தியில் குறை எதுவும் இல்லை, படிக்கும் முறையில்தான் கோளாறு.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த மாணவிகளில் பெரும்பாலோர் செய்வது இதுதான்: ஒரே பக்கத்தை நாலு தடவை வாசிப்பது, மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவது, அப்புறம் அதை அப்படியே நோட்டில் எழுதுவது. நாலாவது முறை வாசிக்கும்போது பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதைப் புரிந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்களுக்கு நடப்பது இதேதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு சின்னத் தலைப்பை மட்டும் எடுத்து இருபது நிமிடம் வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் படம் வரைந்து, பெயர்களைக் குறித்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறும், எரிச்சல் வரும், பாதி வராது. அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் பதிகிறது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். மறுநாள் புதுப் பாடத்துக்குப் போகும் முன் அதே படத்தைப் பார்க்காமல் இன்னொரு தடவை வரையுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. மூன்று மணி நேரம் தேவைப்படாது.

காரிமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸிலேயே பாதி வேலை முடியும். ஒரு சொட்டு ரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது ஏட்ரியத்துக்குள், அதாவது மேல் அறைக்குள் வருகிறது. அங்கிருந்து ட்ரைகஸ்பிட் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை), பல்மனரி வால்வு, நுரையீரல், திரும்ப இடது ஏட்ரியம், மைட்ரல் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், கடைசியில் அயோர்ட்டா என்ற பெருந்தமனி. கண்ணை மூடி, முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஓட்டம் மனசில் நின்ற பிறகு பெயர்களை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். தமிழ் வழியில் படித்ததை இந்தப் பாடத்தில் ஒரு குறையாகவே நினைக்காதீர்கள். கைக்குப் போகும் நரம்புப் பின்னலை ‘பிராக்கியல் பிளெக்சஸ்’ என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ஆங்கில வழியில் படித்து வந்தவருக்கும் அது புதுச் சொல்தான். இடது, வலது விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முன்பக்கத்திலிருந்து வரைந்த படத்தில் உங்கள் இடது கைப்பக்கம் இருப்பது அந்த உடம்பின் வலது பக்கம். எவ்வளவோ மார்க் இதில் போகிறது.

பிசியாலஜியில் ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள். நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஃபுளோரைடு அதிகமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சிறுவயதில் குடித்தவர்களின் பல்லில் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பெரியவரான பிறகு அதே தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியவருக்கு அந்தக் கறை வருவதில்லை. ஆனால் பல வருடம் குடித்தால் அவருக்கு எலும்பு பாதிக்கலாம். ஏன்? பல்லின் எனாமலை உருவாக்கும் செல்கள், பல் முளைத்து வெளியே வரும்போது அழிந்துவிடுகின்றன. அதனால் சிறுவயதில் ஏற்பட்ட கோளாறு திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது, புதிதாகவும் வராது. எலும்பு அப்படி இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் அரித்துக்கொண்டே இருக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற செல் கட்டிக்கொண்டே இருக்கும், ஆயுள் முழுக்க. அப்படிப் புதிதாகக் கட்டும்போதெல்லாம் ஃபுளோரைடு உள்ளே போய்ச் சேர்கிறது. இதை ஒருமுறை யோசித்துப் புரிந்துகொண்டவருக்கு எனாமலும் எலும்பும் பரீட்சையில் குழம்பாது.

மண்டை நரம்புகள் 12 ஜோடி, மணிக்கட்டு எலும்புகள் 8. இவற்றுக்கு ‘ஏன்’ கிடையாது, மனப்பாடம்தான்.

கல்லூரியில் இருக்கும் ஒரு இதய மாடல் நாற்பது பேர் கை மாறி உங்களிடம் வருவதற்குள் பெல் அடித்துவிடும். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில், கீறாமல் முழுசாக ஓர் ஆட்டு இதயம் கேட்டு வாங்குங்கள். சில கடைக்காரர்கள் பழக்கத்தில் வெட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், அது இடது. தொளதொளவென்று இருப்பது வலது. மேலே, வாய் மூடாமல் விறைப்பாக நிற்கிற தடித்த குழாயில் விரலை விட்டு, அது இடது வெண்ட்ரிக்கிளுக்குள் இறங்கினால் அதுதான் அயோர்ட்டா. அப்புறம் கத்தியால் நெடுக்காக வெட்டித் திறந்து பாருங்கள். இடது சுவர் வலதைப் போல மூன்று மடங்கு தடிமன் இருக்கும். உடம்பு முழுக்கத் தள்ள வேண்டிய அறைக்கும் பக்கத்து நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை அப்போது கையாலேயே உணர்வீர்கள். வால்வின் இதழ்களைப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பு மாதிரியான இழைகளை இழுத்துப் பாருங்கள். அவை நரம்பு அல்ல, கார்டே டெண்டினே. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது வால்வு ஏட்ரியத்துக்குள் புரண்டுவிடாமல் தடுப்பவை.

ஆனால் இதயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஆட்டு உறுப்பைப் பார்த்துவிட்டு மனித உடம்பைப் பற்றித் தப்பாக எழுதியவர்கள் உண்டு. ஆட்டின் சிறுநீரகத்தைப் பிளந்தால் உள்ளே பிரமிடுகள் எனப்படும் கூம்பு வடிவப் பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வரப்பாகத் தெரியும். மனிதச் சிறுநீரகத்தில் பிரமிடுகள் தனித்தனியாக, பலவாக இருக்கும். ஆட்டுக்கு இரைப்பை நான்கு அறை, நமக்கு ஒன்று. ஆட்டின் வலது நுரையீரல் நான்கு மடல், நமக்கு மூன்று. இதயத்திலேயேகூட ஓர் இடத்தில் ஜாக்கிரதை: மனித அயோர்ட்டா வளைவிலிருந்து மூன்று கிளைகள் பிரிகின்றன, ஆட்டில் ஒரே பெரிய கிளையாகக் கிளம்பிப் பிறகுதான் பிரியும். ஆகவே அறைகளையும் வால்வுகளையும் ஆட்டில் பாருங்கள், மேலே உள்ள கிளைகளைப் புத்தகத்தில் பாருங்கள். எழுதும்போது மனிதப் படத்தையே வரையுங்கள்.

இப்போது அந்த நோட்ஸுக்கு வருவோம். பழைய கேள்வித்தாள்களை சீனியர்களிடமே காசில்லாமல் வாங்கலாம். ஜெராக்ஸ் கடை நோட்ஸ் என்பது யாரோ ஒருவர் என்றோ எழுதியதன் நகலின் நகல். லேபிள் அழிந்த படங்களும் தப்பான எழுத்துகளும் அதில் தாராளம். எந்தப் பாடத்திட்டத்துக்கு எழுதியது என்றுகூட அதில் இருக்காது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பாடத்திட்டத்தின்படி செமஸ்டர் முறையில் படிக்கிறவர் நீங்கள். அனாட்டமியும் பிசியாலஜியும் சேர்ந்து ஒரே தாள். முன்பு வருடத் தேர்வு இருந்த காலத்து நோட்ஸை அட்டை மாற்றி விற்கிறார்கள்.

ரெக்கார்டு எழுதித் தருபவரைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. வீட்டில் கூலி வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தை வாங்கிக்கொண்டு, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையை அவர் கற்றுக்கொள்கிறார். நூறு படம் வரைந்த கை அவருடையது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எலும்பைக் கையில் கொடுத்து ‘இது எந்தப் பக்கத்து எலும்பு?’ என்று கேட்டால் நிற்கப் போவது நீங்கள். பிசிறடித்த படமானாலும் நீங்களே போடுங்கள். ரெக்கார்டுக்கு என்று தனியாக உட்காராமல், பார்க்காமல் வரைந்து பழகிய படத்தையே கடைசியில் அதில் ஏற்றிவிடுங்கள்.

இந்த வியாபாரம் வளர்ந்ததற்குக் கல்லூரிகளும் பொறுப்பு. மார்ஜின் நேராக இருக்கிறதா, கலர் பென்சில் அடித்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை எழுதித் தருபவருக்கு வேலை இருக்கும். இரண்டு பெரிய பாடங்களை ஆறு மாதத்துக்குள் திணித்து, ஸ்லைடைப் போட்டு வாசித்துவிட்டுப் போனால் பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? பார்க்காமல் ஒரு படம் வரையச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாத வகுப்புகள் இருக்கின்றன.

இன்னொன்று. ஒரு இன்டர்னல் போனதும் ‘யுனிவர்சிட்டியில் ஆள் இருக்கிறது, அரியரை முடித்துத் தருகிறேன்’ என்று யாராவது ஃபோனில் வருவார்கள். அப்படி ஒரு வழியே கிடையாது. பணமும் போகும், புகார் ஆனால் படிப்பும் போகும். ஹால் டிக்கெட் எண்ணை, ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துச் சொல்லுங்கள், வீட்டிலும் மறைக்காதீர்கள்.

இரவா, அதிகாலையா என்று கேட்டிருந்தீர்கள். எது தோதோ அது. தூக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள், படித்தது மூளையில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான். இரவு ஒன்பதரைக்கு ஒரு படம் வரைந்துவிட்டுப் படுங்கள். காலையில் பஸ் ஏறும் முன் அதே படத்தைப் பார்க்காமல் வரைந்து, விட்டதைச் சிவப்பில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டாவது இன்டர்னல் வரை இதை மட்டும் செய்யுங்கள். வேறு புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம்.