விரல் நுனியில் ஓடுவது பிராணனா?

கேள்வி: எனக்கு வயது 47. பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக வீடியோ பார்த்துப் பிராணாயாமம் செய்கிறேன். முதலில் 5 நிமிடம் கபாலபாதி, அப்புறம் நாடி சுத்தி (ஒரு மூக்கில் இழுத்து மறு மூக்கில் விடுவது). 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விட வேண்டுமாம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துத்தான் எண்ணுகிறேன். 64 வராது, 40 வரை சுலபமாக அடக்குகிறேன். கொஞ்ச நாளாக விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் சுர்ரென்று இருக்கிறது. எழுந்தால் தலை சுற்றுகிறது. கூடச் செய்யும் தோழி, "பிராணசக்தி ஏறுகிறது, பயப்படாதே" என்கிறாள். அப்படித்தானா? மூச்சும் பிராணனும் ஒன்றா? காபி குடித்துவிட்டுச் செய்யலாமா?
- மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏறுவது எதுவுமில்லை. ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. இன்றோடு அடக்குவதையும் கபாலபாதியையும் நிறுத்திவிடுங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் நிறுத்துங்கள்.

கபாலபாதியில் வயிற்றை வெடுக் வெடுக்கென்று உள்ளிழுத்து மூச்சைத் தள்ளுகிறோம். வேகமும் நேரமும் கூடினால், உடல் வைத்திருக்க வேண்டிய கரியமில வாயுவும் சேர்ந்து வெளியே போய்விடும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். விரலிலும் உதட்டிலும் சுர்ரென்பதும் இதே கணக்குதான். "40 வரை சுலபமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையைப் பெரும்பாலும் எழுப்புவது ஆக்சிஜன் குறைவதல்ல, கரியமில வாயு கூடுவது. அதை முன்கூட்டியே ஊதித் தள்ளிவிட்டு அடக்கினால் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். காவல்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டு, திருடன் வந்த சத்தமே கேட்கவில்லை என்று மகிழ்கிற மாதிரி. வேக வேகமாக மூச்சு வாங்கிவிட்டு நீச்சல் குளத்தில் முங்குகிறவர்கள் தண்ணீருக்கடியில் மயங்கிப்போவது இதனால்தான்.

எழுந்தால் தலை சுற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிலருக்குப் பிரஷர் மாத்திரையே அப்படிச் செய்யும். உங்கள் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, அந்த 16, 64, 32 எங்கிருந்து வந்தது? வீடியோக்காரர்கள் கற்பனை செய்ததில்லை. திருமந்திரத்தில் திருமூலரே சொல்லும் கணக்கு அது: பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32. ஆனால் அவை செகண்டு அல்ல, மாத்திரை. நீங்கள் விழுங்கும் மாத்திரை இல்லை. தொல்காப்பியம் எழுத்தின் ஒலியை அளக்கும் மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று அங்கே அதற்கு அளவு. நொடி என்றாலே விரலைச் சொடுக்குவதுதான். செகண்டுக்கு அந்தச் சொல்லைப் பிற்பாடுதான் ஒட்டவைத்தோம். யோக நூல்களில் மாத்திரைக்கு வேறு அளவுகளும் உண்டு, எதுவும் உங்கள் ஸ்டாப்வாட்ச் இல்லை. கூட்டிப் பாருங்கள்: 112 செகண்டில் ஒரு மூச்சு! சும்மா உட்கார்ந்திருக்கும் வயதுவந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். அவருக்கு அந்த நேரத்தில் 22 மூச்சாவது ஆகியிருக்கும்.

தவிர, அந்தக் கணக்கு பாதையின் தொடக்கத்தில் நிற்பதில்லை. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி பிராணாயாமத்தை யோகத்தின் எட்டு உறுப்புகளில் நாலாவதாக, ஆசனம் கைவந்த பிறகுதான் வைக்கிறார். ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் இன்னும் கறார்: சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவது போல மெல்ல மெல்லப் பழக்கு, இல்லாவிட்டால் பழகுகிறவனையே கொன்றுவிடும் என்கிறது. இந்த வரி ஏனோ வீடியோக்களில் வருவதே இல்லை.

மூச்சும் பிராணனும் ஒன்றா என்றால், ஒன்றில்லை. மூச்சு காற்று. பிராணன் என்று மரபு சொல்வது உடலை இயக்கும் ஆற்றலை. அதை வேலைக்குத் தக்கபடி ஐந்தாகப் பிரிப்பார்கள். உள்ளே வாங்குவது பிராணன், கீழ்நோக்கிக் கழிப்பது அபானன், செரிமானத்தைப் பார்த்துக்கொள்வது சமானன், தொண்டைப் பக்கம் மேலெழுவது உதானன், உடல் முழுக்கப் பரவுவது வியானன். சித்த மருத்துவம் இன்னும் ஐந்து சேர்த்துத் தச வாயு என்னும். (பாவம் அபானன், நம் பேச்சில் அவனுக்கு ஒரே அர்த்தம்தான்.) எந்தக் கருவியும் பிராணனை அளந்து காட்டாது. உடம்பு உள்ளிருந்து எப்படி உணரப்படுகிறது என்பதைச் சொல்லும் மொழியாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்; அந்த அளவில் அது மிக நுட்பமான மொழி.

மூச்சு அதற்கு ஒரு கைப்பிடி. ஆழமாக இழுத்தால் ஆக்சிஜன் நிறைய ஏறும் என்பது சரியல்ல. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் அது ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. உள்ளே வரும் காற்றில் 21 சதவீத ஆக்சிஜன், வெளியே போவதிலும் சுமார் 16 மிச்சம். மாறுவது நரம்பு மண்டலம். இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். விடும்போது துடிப்பு கொஞ்சம் தளரும், இழுக்கும்போது விரையும். விடுவதை நீட்டினால் மனம் அடங்குவது இந்த வழியாகத்தான். 2001இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், ஜெபமாலைப் பிரார்த்தனையும் ஒரு யோக மந்திரமும் இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குக் கொண்டுவந்தன.

அந்த 6 உங்களுக்குப் போதும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, அரைக் கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டைத் தொப்புள் மேல் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது பாக்கெட் உயர வேண்டும், மார்பு அல்ல. முதல் வாரம் இது மட்டும். அப்புறம் உட்கார்ந்து, 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள், அடக்காமல், 5 நிமிடம். இது பழகினால் நாடி சுத்திக்குத் திரும்பலாம், அப்போதும் கும்பகம் இல்லாமல். வலது கட்டை விரலும் மோதிர விரலும் மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்ற இடத்தில் பட்டும் படாமலும் இருக்கட்டும். பலர் கிள்ளிப் பிடிக்கிறார்கள். ஒரு மூக்கு அடைத்திருந்தால் பதற வேண்டாம், நாள் முழுக்க மூக்குகள் முறை வைத்து அடைத்துத் திறப்பது இயல்பு.

சரியாகப் போகிறதா என்று ஸ்டாப்வாட்சைக் கேட்காதீர்கள், அடுத்த மூச்சைக் கேளுங்கள். விட்டு முடித்ததும் அது லபக்கென்று பாய்ந்து வந்தால் நீங்கள் நீட்டியது அதிகம், ஒன்றைக் குறையுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவர் முதல் வருடம் எண்ணவே விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து என் மூச்சின் சத்தத்தை மட்டும் கேட்பார். கொஞ்சம் கரகரத்தால் தொடையில் ஒரு தட்டு.

உங்கள் தோழியிடமும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், இதய நோய், கண் அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் அடக்குவதையும் கபாலபாதியையும் தொடவே வேண்டாம்.

காபி? அது பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும், நாம் இறக்கப் பார்க்கிறோம். எழுந்து பல் விளக்கியதும் மூச்சுப் பயிற்சியை முடித்துவிடுங்கள். டிக்காஷன் அதற்குள் இறங்கியிருக்கும்.