தீபாவளிக்கு மட்டும் சேலை விற்றால் அது வியாபாரமா?

வியாபாரம்தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்தமாகச் சேலை எடுத்து, தண்டையார்பேட்டையில் அக்கம்பக்கத்தில் தீபாவளிக்கு மட்டும் விற்பதாகச் சொல்கிறீர்கள். 2017 ஜிஎஸ்டி சட்டத்தில் வியாபாரம் எது என்று சொல்லும் பிரிவு 2(17), விற்பனை தொடர்ந்து நடக்கிறதா என்று கேட்பதில்லை. லாபம் வந்ததா என்றும் பார்ப்பதில்லை. கடையும் பெயர்ப்பலகையும் வேண்டும் என்ற நினைப்புதான் உங்களைக் குழப்பியிருக்கும்.

விற்பதற்காகவே வாங்கினீர்களா என்று பாருங்கள். கட்ட வாங்கிய பட்டு பிடிக்காமல் எதிர்வீட்டு அக்காவிடம் தள்ளிவிட்டிருந்தால் கதையே வேறு. மூட்டையாக எடுத்து, நோட்டில் பெயர் எழுதித் தவணைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் சந்தேகமே வேண்டாம்.

அதற்காகப் பதறாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. பெங்களூருக்குப் பார்சல் அனுப்பி விற்கத் தொடங்கினால் மட்டும் ஆடிட்டரைக் கேளுங்கள். வெளிமாநில விற்பனைக்கு விதி வேறு. வருமான வரிக் கணக்கும் தனி.