செயின்சா: கயிறு லேசாக இழுபட்டால் முதலில் பிஸ்டனைப் பாருங்கள்

வணக்கம் சார். பெங்களூர் அல்சூரில் விழுந்த குல்மொஹர் மரத்தை அறுக்கும்போது செயின்சா (மோட்டார் ரம்பம்) சூடாகி நின்றது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்டார்ட் செய்யும் கயிறும் லேசாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த லேசான இழுப்புதான் எனக்குக் கவலை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம், போயிருக்கலாம். கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) துளை வழியாக டார்ச் அடியுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் பக்கத்தில் மேலும் கீழுமாகக் கீறல் தெரிந்தால் பிஸ்டன் சிலிண்டரில் உரசிவிட்டது. கீறல் சுற்றிலும் இருந்தால் பெரும்பாலும் ஆயில் கலக்காத பெட்ரோல்தான் காரணம் (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில்). எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால் எங்கோ வெளிக்காற்று உள்ளே கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தக் கசிவை அடைக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் போய்விடும்.

உதிரி பாகம் வாங்க எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்புமுன் போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.