4கே மானிட்டர் வாங்கியாச்சு, இப்போ கிராஃபிக்ஸ் கார்டு எது? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க, கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். ஆஃபர்ல வருதேன்னு 27 இன்ச் 4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒண்ணு வாங்கிட்டேனுங்க, வாங்கினப்பறம்தான் தெரியுது என் பிசி அதை இழுக்க மாட்டேங்குதுன்னு. 2019ல அசெம்பிள் பண்ணினது, ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 2060 6 ஜிபி, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 550 வாட். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், அப்பப்போ வேலோரன்ட், இவ்வளவுதான் நான் ஆடறது. கைல 70,000 இருக்குங்க. ஃப்ரெண்டு ஒருத்தன் என்விடியா 5060 டிஐ 8 ஜிபி வாங்கிட்டு மீதி காசை வெச்சுக்கோ, ஃப்ரேம் ஜெனரேஷன் (கார்டே நடுவுல ஃப்ரேம் உருவாக்கி செருகறது) போட்டா நாலு மடங்கு ஃப்ரேம் வரும்ங்கறான். கடைக்காரர் 5070 எடுத்துக்கோங்கங்கறார். ஏஎம்டி பக்கம் போக பயமா இருக்கு, டிரைவர் தொல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எது எடுக்கட்டும்ங்க?

பதில்: தம்பி, மானிட்டரை முதல்ல வாங்கிட்டு கார்டை தேடறது நிறைய பேர் பண்றதுதான், விடு. ஆனா என்ன செலவை இழுத்து விட்டிருக்கேன்னு ஒரு தடவை கணக்கு பார்த்துக்கோ. 1080பி ஸ்க்ரீன்ல சுமார் 20 லட்சம் பிக்சல், 1440பில 37 லட்சம், 4கேல 83 லட்சம். அதாவது முன்னாடி ஒரு ஸ்க்ரீனை வரைஞ்சிட்டு இருந்த கார்டு இப்போ அதே நேரத்துல நாலு ஸ்க்ரீனை வரையணும், 2060 பாவம், அது வந்த காலத்துலயே 1080பி கார்டுதான்.

உன் ஃப்ரெண்டு சொன்ன 8 ஜிபி கார்டை மறந்துடு. மாடல் நம்பரைப் பார்த்து ஏமாந்துடாதே, 5060 டிஐல 8 ஜிபி, 16 ஜிபினு ரெண்டு இருக்கு, பேரு ஒண்ணுதான். 4கேல டெக்ஸ்சரை நல்லா வெச்சு ஆடினா இன்னிக்கு வர்ற பெரிய கேமுக்கு 8 ஜிபி யானைப் பசிக்கு சோளப்பொரிதான். கார்டோட மெமரி நிறைஞ்சதும் மிச்சத்தை உன் சிஸ்டம் ரேமுக்கு தள்ளும், அப்போ ஒவ்வொரு தடவையும் கார்டையும் போர்டையும் இணைக்கற பிசிஐஇ வழியா போய் வரணும். இங்கதான் உன் போர்டு வில்லங்கம் பண்ணும். பி450 பிசிஐஇ 3.0, அந்த கார்டுல இருக்கறதோ 16 லேன் இல்ல, 8 லேன்தான். போக வர இருக்கற ரோடு பாதி ஆயிடும், கேம் நல்லா ஓடிட்டே இருக்கும்போது திடீர்னு முட்டி நிக்கும். புது போர்டுல போட்டு டெஸ்ட் பண்ற வீடியோவுல இந்த பிரச்சனை அவ்வளவா தெரியாது, உன் வீட்ல தெரியும்.

ஃப்ரேம் ஜெனரேஷன் நாலு மடங்கு கதை 2025 ஜனவரில என்விடியா தலைவரே மேடைல ஆரம்பிச்சு வெச்சது, 549 டாலர் 5070ல 4090 பெர்ஃபார்மன்ஸ்னு சொன்னார். அது பொய்னு சொல்ல மாட்டேன், நடுவுல செருகற ஃப்ரேமையும் சேர்த்து எண்ணின கணக்கு. நடுவுல மூணு ஃப்ரேம் செருகினா பார்க்க வழுவழுன்னு இருக்கும், ஆனா மவுஸை அசைச்சா கேம் பதில் சொல்ற வேகம் ஒரிஜினல் ஃப்ரேம் எவ்வளவோ அவ்வளவுதான், கொஞ்சம் கம்மியாவே இருக்கும். 60 கிட்ட வந்துட்டு இருக்கறதை 120 ஆக்க அது அருமையான வசதி. 25ல திணறிட்டு இருக்கறதை 100ன்னு காட்டினா தண்ணிக்குள்ள நடக்கற மாதிரி இருக்கும். இதுல இன்னொண்ணு, ஃப்ரேம் ஜெனரேஷன் போட அதுவே தனியா கொஞ்சம் மெமரி சாப்பிடும், 8 ஜிபில ஏற்கனவே இடம் இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வந்த கதை.

உனக்கு நிஜமா உதவப்போறது அப்ஸ்கேலிங். 4கேல என்விடியாவோட டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டா உள்ள வரையறது 1080பிதான், அதை 4கேவா நீட்டி காட்டும், குவாலிட்டி மோடுல 1440பி. இப்போ இருக்கற வெர்ஷன்ல சோபால உக்காந்து இல்ல, மேசைல உக்காந்து பார்த்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க கஷ்டம். ஏஎம்டில அதே வேலைக்கு எஃப்எஸ்ஆர் 4 இருக்கு, 9000 சீரிஸ் கார்டோட வந்தது, பழைய எஃப்எஸ்ஆர் மாதிரி புல்லு இலையெல்லாம் மினுமினுக்கற பிரச்சனை ரொம்பவே குறைஞ்சிருக்கு. ஆனா எல்டன் ரிங்ல ரெண்டுமே கிடையாது. அதுல கார்டு சொந்த பலத்துலதான் 83 லட்சம் பிக்சலையும் வரையணும். நல்லவேளை அந்த கேம் 60 ஃப்ரேமுக்கு மேல போகாது, அதனால இலக்கு சின்னது.

இப்போ விஷயத்துக்கு வரேன். 5070ல 12 ஜிபி, 250 வாட். நல்ல கார்டுதான், 1440பி மானிட்டர் வெச்சிருந்தா கண்ணை மூடிட்டு எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேன். 4கேக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டணும்னா 12 இடிக்கும். 5070 டிஐல 16 ஜிபி இருக்கு, ஆனா 2025ல வந்தப்பவே இந்தியால அதோட ஆரம்ப விலை 80,000, உன் கைல இருக்கறதை தாண்டுது. அதனால நான் கை காட்டறது ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 9070, இல்லைனா 9070 எக்ஸ்டி. ரெண்டுலயும் 16 ஜிபி, ரெண்டும் 16 லேன், உன் பழைய போர்டுலயும் பெரிசா அடி வாங்காது. அமெரிக்கால ரெண்டுக்கும் ஆரம்ப விலைல 50 டாலர்தான் வித்தியாசம். சைபர்பங்க்ல பாத் டிரேசிங் (வெளிச்சம் போற பாதையை கணக்கு போட்டு வரையறது) போட்டே தீருவேன்னா ஏஎம்டி பின்தங்கும், அதை ஒத்துக்கணும், ஆனா இந்த பட்ஜெட்ல 4கேல பாத் டிரேசிங் எந்த கார்டுலயும் கனவுதான். டிரைவர் பயம் பழைய கதை. 2025 ஆரம்பத்துல 50 சீரிஸ் வந்தப்போ பிளாக் ஸ்க்ரீன் வந்து அடுத்தடுத்து டிரைவர் மாத்தினது என்விடியாதான், யாரும் உத்தமர் இல்ல.

ஆனா அந்த 70,000 முழுசும் கார்டுக்குன்னு நினைச்சேல்ல, அங்கதான் தப்பு. உன் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வயசாச்சு. 9070க்கு 220 வாட், கம்பெனி சொல்ற எஸ்எம்பிஎஸ் 650. எக்ஸ்டிக்கு 304 வாட், சொல்றது 750. நான் ஒரு தடவை பழைய 550லயே 320 வாட் கார்டை மாட்டிட்டு பார்த்துக்கலாம்னு விட்டேன், டெஸ்க்டாப்ல ஜம்முனு இருக்கும், கேம்ல ஒரு சண்டை சீன் வந்தா டப்புனு ரீஸ்டார்ட், ரெண்டு வாரம் விண்டோஸை குத்தம் சொல்லி மூணு தடவை இன்ஸ்டால் பண்ணினேன். கடைசில பார்த்தா ஒரு மில்லிசெகண்டுக்கு கார்டு இழுக்கற கரண்டை தாங்காம எஸ்எம்பிஎஸ் கட் ஆயிட்டு இருந்திருக்கு. அதனால முதல்ல கோல்ட் ரேட்டிங் உள்ள நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணுக்கு காசை எடுத்து ஓரமா வை, மிச்சத்துல எக்ஸ்டி கிடைச்சா எக்ஸ்டி, இல்லைனா சாதா 9070. பழைய 2060ஐயும் வித்தா துண்டு விழறதை கொஞ்சம் அடைக்கலாம். கேபினெட்டுக்குள்ள நீளத்தை டேப் வெச்சு அளந்துக்கோ, இப்போ வர்ற மூணு ஃபேன் கார்டுல நிறைய 30 சென்டிமீட்டரை தாண்டும்.

சிபியு இப்போதைக்கு இருக்கட்டும். 4கேல சிபியு மேல பாரம் கம்மின்னு சொல்வாங்க, பாதிதான் உண்மை, பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டா உள்ள ஓடறது 1080பி, அப்போ 3600 மூச்சு வாங்கும். ஆறு மாசம் கழிச்சு காசு சேர்ந்ததும் ரைசன் 7 5700எக்ஸ் சிபியு போட்டுக்கோ, பயோஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணினா அதே போர்டுல உக்காரும். அந்த அப்டேட்டை இப்பவே பண்ணிட்டு ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் சிபியு ஒரே தடவைல எட்ட விடற வசதி) ஆன் பண்ணிடு, ஏஎம்டி கார்டுக்கு அது இல்லைனா நஷ்டம்.

கார்டு வர்ற வரைக்கும் ரெண்டு விஷயம் பண்ணு. மானிட்டரை எச்டிஎம்ஐல மாட்டியிருந்தா கழட்டி டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாத்து, 2060ல இருக்கறது எச்டிஎம்ஐ 2.0, 4கேல 60 ஹெர்ட்ஸுக்கு மேல வராது, 144க்கு காசு கொடுத்துட்டு 60லயே உக்காந்திருப்ப. அப்பறம் வேலோரன்ட்டை 1080பில வெச்சு இன்டிஜர் ஸ்கேலிங் ஆன் பண்ணி ஆடு. 4கேல ஒரு பிக்சலுக்கு சரியா நாலு பிக்சல் வரும், மங்காது. 1440பி வெச்சா கணக்கு இடிக்கும், மங்கலா தெரியும்.

கேள்வி: ப்ரோ, ஓஎல்எக்ஸ்ல ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி 25,000க்கு ஒருத்தர் தரேங்கறார், பில் இல்ல. கிரிப்டோ மைனிங்ல ஓடினதா இருக்குமோன்னு சந்தேகம். 1440பி மானிட்டருக்கு எடுக்கலாமா?

பதில்: மைனிங்ல ஓடினதாலயே ஒரு கார்டு செத்துடாது. 2022 செப்டம்பர்ல எதீரியம் மைனிங்கை நிறுத்தினப்போ மார்க்கெட்ல வந்து கொட்டின கார்டுல நிறைய இன்னிக்கும் நல்லாத்தான் ஓடுது. அடி வாங்கறது ஃபேனும், சிப்போட சூட்டை வெளிய கடத்தற தெர்மல் பேடும்தான். 3080ல மெமரி கொதிக்கும். அதனால அவங்க வீட்டுக்கே போய் கால் மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட விட்டு மெமரி ஜங்ஷன் டெம்பரேச்சரைப் (மெமரி சிப்போட உள்சூடு) பாரு. 105, 110 டிகிரினு நின்னா பேடு போயிருக்கு, அந்த செலவை விலைல குறைச்சு கேளு. டெஸ்ட் பண்ண விடமாட்டேன்னா திரும்பிப் பார்க்காம வந்துடு. இந்த கார்டு வந்ததே 2020, வாரண்டி எப்பவோ முடிஞ்சிருக்கும், அதனால பில் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். 1440பிக்கு இன்னும் வேகம் இருக்கு, டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்கும் வரும், ஃப்ரேம் ஜெனரேஷன் மட்டும் 40 சீரிஸுக்கு கீழ என்விடியா தரல. என்னைக் கேட்டா 25 அதிகம், 320 வாட் வேற, எஸ்எம்பிஎஸ் மாத்தணும்னா கணக்கே மாறிடும். 20க்கு இறங்கினா யோசி.

புதுசா வாங்கறவங்களுக்கும் சேர்த்து சொல்லிடறேன், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்கிடுங்க. "எஸ்டிமேட் ஸ்லிப் போட்டுத் தரேன், 18 பர்சென்ட் மிச்சம்"பாங்க. அப்படி ஒரு கடைல வாங்கி, எட்டாவது மாசம் கார்டு போய், அந்த ஸ்லிப்பை வெச்சுக்கிட்டு சர்வீஸ் சென்டர் வாசல்ல நின்னவன் நான்.

கேள்வி: வணக்கம் சார். எனக்கு இதெல்லாம் தெரியாது, திருநெல்வேலில மளிகைக் கடை வெச்சிருக்கேன். காலேஜ் படிக்கிற பையன் ஆர்டிஎக்ஸ் 5080 வேணும்னு நிக்கான், ஒரு லட்சத்துக்கு மேல சொல்லுதான். இப்போ 4060 இருக்காம், 24 இன்ச் 1080பி டிவி மாதிரி ஒண்ணு வெச்சிருக்கான். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்ங்க அண்ணாச்சி. அந்த ஸ்க்ரீனுக்கு இப்போ இருக்கற கார்டே போதும், 5080 போட்டா பாதி நேரம் அது சும்மா உக்காந்திருக்கும். தம்பிக்கு ஏதாவது செய்யணும்னு மனசு இருந்தா 27 இன்ச் 1440பி மானிட்டர் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, 20,000க்குள்ள நல்லதாவே கிடைக்கும். அதுல ஒரு வருஷம் ஆடட்டும். அப்பவும் பத்தலைன்னு சொன்னான்னா எந்த கேம், எவ்வளவு ஃப்ரேம் வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்க, பார்த்துட்டு சொல்றேன்.