யாருடைய அறை வெப்பநிலை? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவி. நீங்கள் எழுத வருவதற்கு முன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் இதைக் கேட்கிறேன். ரியாக்டர் (வினை நடக்கும் கலன்) டிசைனில் ஒரு கணக்கு. முதல் வகை வினை (சரக்கு எவ்வளவு மிச்சமோ அதற்கேற்ற வேகம்), வேக மாறிலி நிமிடத்துக்கு 0.1, நிமிடத்துக்கு 100 லிட்டர் உள்ளே போகிறது, கன்வெர்ஷன், அதாவது வினையில் மாறும் சரக்கின் பங்கு, 90 சதவீதம் வேண்டும். சிஎஸ்டிஆர் (கலக்கிக்கொண்டே இருக்கும் தொட்டி) என்றால் 9,000 லிட்டர், பிஎஃப்ஆர் (குழாய்) என்றால் 2,303 லிட்டர். முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் ஒரே வேலைக்கு ஏன் நான்கு மடங்கு பெரிய தொட்டி என்று கேட்டால், "அது செவ்வகம், இது வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு" என்று படம் போடுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. இதையெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுவிடும்போது கையால் எதற்குப் போட வேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் ஐடிக்குத் தயாராகிறார்கள். நானும் போய்விடலாமா?

எம்.

அன்புள்ள எம்,

ஐடிக்குப் போவதென்றால் போங்கள். அதற்கு என்னிடம் எதற்கு அனுமதி? நானே ரியாக்டரை விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன்.

செவ்வகத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கலக்கிக்கொண்டே இருக்கும் தொட்டியில் புதுச் சரக்கு விழுந்த நொடியே, முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்துபோன சரக்கோடு கலந்து நீர்த்துவிடுகிறது. தொட்டியில் எந்த மூலையில் சேம்பிள் எடுத்தாலும் 10 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். ஆகவே தொட்டி முழுவதும் வினை கடைசிக் கட்ட வேகத்திலேயே, அதாவது மிக மந்தமான வேகத்திலேயே நடக்கிறது. குழாயில் அப்படி இல்லை. நுழையும்போது சரக்கு கெட்டியாக இருக்கிறது, வினை பாய்கிறது. வெளியேறும் இடத்தில்தான் தவழ்கிறது. அந்த வேகமான பகுதியின் லாபத்தைத் தொட்டி இழக்கிறது. உங்கள் செவ்வகம் அந்த நஷ்டத்தின் படம்தான். ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சம தொட்டிகளை வரிசையாக வைத்தால் மொத்தம் சுமார் 4,325 லிட்டரில் வேலை முடியும். மூன்று வைத்தால் சுமார் 3,460. தொட்டிகள் கூடக்கூட அது குழாயைப் போல ஆகிக்கொண்டே போகும்.

போகிற போக்கில் இன்னொன்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு 90 போதாது, 99 வேண்டும். அதே கணக்கில் 99 போட்டுப் பாருங்கள். தொட்டி 99,000 லிட்டர் ஆகிவிடும். கடைசி ஒன்பது சதவீதத்துக்கு மட்டும் 90,000 லிட்டர் இரும்பு! உரத்துக்கான அம்மோனியா தயாரிப்பில் ஒரு சுற்றுக்கு 15 சதவீத அளவில்தான் மாறுகிறது. அம்மோனியாவைப் பிரித்துக்கொண்டு மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். உலகம் அதில் விளைந்த சோற்றைத்தான் சாப்பிடுகிறது.

சரி, இப்போது நான் கேட்கிறேன். முழு மதிப்பெண் வாங்கினீர்களே, அந்த 0.1 எங்கிருந்து வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஓட்டம், கன்வெர்ஷன், லிட்டர், கடைசி இலக்கம்வரை. அந்த எண்ணை யார் அளந்தார்கள், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. டிசைன் சமன்பாடு வெறும் வரவு செலவுக் கணக்கு அம்மா. பின்னத்தில் மேலே இருக்கும் மோல் ஓட்டத்தை, அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு சரக்கு என்பதை, எந்தக் குமாஸ்தாவும் எழுதிவிடுவார். கீழே, வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதே வினைவேகம், வேதியியல் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. அதை வினாத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், நீங்களும் வாங்கிப் போட்டுக்கொள்கிறீர்கள்.

நானும் வாங்கிப் போட்டுக்கொண்டவன்தான். முப்பது வருடத்துக்கு முன் கடலூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரெய்னி. நீர்க்கரைசலில் நடக்கும், சூட்டை வெளிவிடும் ஒரு வினை. சென்னையில் இருந்த லேபின் நோட்டிலிருந்து வேக மாறிலியை எடுத்தேன். பேட்ச் (ஒரு தடவைத் தயாரிப்பு) நேரம், கொள்ளளவு, ஜாக்கெட்டில் (கலனைச் சுற்றியுள்ள குளிர்விப்பு உறையில்) ஓட வேண்டிய தண்ணீர் எல்லாம் நானே போட்டேன். கையெழுத்தும் போட்டேன். முதல் பேட்ச் விட்டது கத்திரி வெயிலில். மேல் டாங்கில் இருந்த சரக்கு முழுவதையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும் என்பது என் குறிப்பு. ஆபரேட்டர் அண்ணன் வால்வில் கை வைத்தபடியே நின்றார். தெர்மாமீட்டர் 45, 55 என்று ஏறி 71-இல் நின்றது. நுரை சைட் கிளாஸ் (உள்ளே பார்க்கும் கண்ணாடி) வரை வந்து, எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாக இறங்கியது. அவர் பாதிதான் இறக்கியிருந்தார்.

"முழுசா திறக்கல தம்பி" என்றார். "வெயில் இப்படி இருக்கே, பார்த்துட்டு மீதிய விடலாம்னு."

சாயங்காலம் லேப் நோட்டை மறுபடி புரட்டினேன். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தது. அது ஏசி அறை, 22 டிகிரி. எங்கள் முற்றத்து டிரம்மில் சரக்கு 38. பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. அதன்படியே பார்த்தாலும் 16 டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. சூடும் மூன்று மடங்கு வேகத்தில் வரும். அதை வாங்கிக்கொண்டு போக வேண்டிய கூலிங் டவர் தண்ணீரே 32-இல் இருந்தது.

எங்களுக்கு நுரையோடு போயிற்று. அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், டி2 லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்தில் அப்படிப் போகவில்லை. 2007 டிசம்பர் 19. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு மாங்கனீஸ் பொருள் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு லிட்டர் சோதனைக் கலனில் பழகிய வினையை 2,450 கேலன், அதாவது சுமார் 9,300 லிட்டர் ரியாக்டருக்கு நேரே கொண்டுபோயிருந்தார்கள். கலன் 9,300 மடங்கு பெருத்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர்ப்பரப்பு சுமார் 21 மடங்கு சுருங்கிவிடும். சூடு அந்தச் சுவர் வழியாகத்தானே வெளியேற வேண்டும்? 42-ஆவது பேட்சில் சரக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள். அன்று நடந்தது 175-ஆவது பேட்ச். குளிர்விப்பு நின்றுபோனது, மாற்று ஏற்பாடு இல்லை. வெப்பம் எல்லை தாண்டியதும், அவர்கள் கணக்கிலேயே இல்லாத இரண்டாவது வினை ஒன்று, சோடியத்துக்கும் கரைப்பானுக்கும் இடையில், தொடங்கிவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் அந்த நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர், கெமிக்கல் இன்ஜினியர். நீங்கள் படிக்கும் இதே சமன்பாடுகளைப் படித்தவர். விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், இந்த வகை ஆபத்தை இளநிலைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்கச் சொன்னது.

175-ஆவது பேட்ச் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அதற்கு முன் 174 முறை வெடிக்கவில்லையே.

சாஃப்ட்வேர் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். அது நன்றாகவே போடும், உங்களையும் என்னையும் விட வேகமாக. அதிலும் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் இருக்கும். பல நேரம் நாம் திறக்கும்போதே அதில் 25 என்று நிரப்பியிருக்கும்.

அந்த வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். 0.1-க்குப் பக்கத்தில் வெப்பநிலை ஏதாவது போட்டிருக்கிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.